மகிழனைக் காணோம்

சத்தம் வந்துகொண்டே இருந்தது, அதனால் பயமில்லை. சலங் சலங்கென்று முன்னால் போய், நின்று, மறுபடி கோகிலவாணியின் இடதுபக்கமாக வந்து, அங்கேயே ஓரிடத்தில் சிணுங்கியது. உட்கார்ந்துவிட்டான். எறும்பைப் பார்த்திருப்பான், இல்லையென்றால் யாரோ போட்டுவிட்டுப்போன பிஸ்கட் உறையை. உட்காரும்போது கொலுசு ஒரு மாதிரி, எழும்போது வேறு மாதிரி, ஓடப்போகிறான் என்றால் ஓடுவதற்கு முன்பே காலை மாற்றி மாற்றி வைத்து ஒரு தவிப்பு. இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ரெண்டு வயசுப் பிள்ளையின் கொலுசை இவ்வளவு உன்னிப்பாகக் கேட்கிற தாய் வேறு யாரும் இருக்க மாட்டார்கள், கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை, அவர்களுக்குக் கண் இருக்கிறது. இவளுக்கும் இருக்கிறது, திரும்பினால் தெரியும். திரும்பினாள். முதலில் ஒரு செடி, பிறகு செம்மண், மண்ணில் ஒரு குட்டிக் கை, கையைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் மகிழன், மூக்கில் மண். பிள்ளையை இப்போதெல்லாம் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடிகிறது, கையையும் காலையும் முகத்தையும் அவளேதான் மனசுக்குள் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். "என்ன வாணி, நட்டுவெச்சாப்புல நின்னுட்ட? வெயில் ஏறங்காட்டி தண்ணிக்குப் போயரலாம், வா" என்று பூபதி கீழேயிருந்து குரல் கொடுத்தான். "வர்றனுங்க" என்றாள். பாதை மரங்களுக்குள் இறங்கியது. வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் காலை வைத்ததுமே எல்லாம் போய்விட்டது, மற்றவர்களுக்கு நிழல், இவளுக்கு இருட்டு. செருப்பு நுனியால் வேரா கல்லா என்று தடவினாள். பூபதி திரும்பிப் பார்த்திருக்கலாம் என்று தோன்றியவுடன் துப்பட்டாவைச் சரிசெய்கிறவள் மாதிரி நின்றுகொண்டாள். இப்படி நிற்பதற்கு அவளிடம் ஆயிரம் காரணங்கள் உண்டு. துப்பட்டா, செருப்பு வார், காலில் முள், பூ வாசனை எங்கேயிருந்து வருகிறதென்ற யோசனை. கட்டிக்கொண்டவனிடமே இத்தனை நாடகம் போட்டுப் பிழைக்கிற பிழைப்பு என்ன பிழைப்பு என்று சமயத்தில் ஆத்திரமாக வரும், வந்து என்ன ஆகப் போகிறது, அடுத்த கல்லைத் தடவத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பூபதிக்கு வீட்டில் கால் தரிக்காது. வாரம் பூராவும் தென்னைநார் ஆலையின் தூசியிலும் மிஷின் சத்தத்திலும் கிடப்பவனுக்கு, பையன் பிறந்த நாளிலிருந்து ஒரே கொள்கை. எம்பையன் போன் பாத்துட்டு வளரக் கூடாது, மண்ணுத் திங்கோணும், மரமேறோணும், தண்ணியில விழுந்து எந்திரிக்கோணும். விழுந்து எந்திரிக்கோணும் என்று அவன் சொல்லும்போதெல்லாம் அவள் பிள்ளையை ஒருதரம் தேடித் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். குளக்கரை, வாய்க்கால் மேடு, ஆனைமலை அடிவாரம் என்று வாராவாரம் ஒரு இடம். மகிழனுக்கு அப்பனைப் போலவே வீடு கொள்ளாது, வாசல்படி தாண்டினால் முகமே மாறிவிடும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஏன் என்பான். ஏன் என்று கேட்டால் அந்த டாக்டரம்மா சொன்னதைச் சொல்ல வேண்டியிருக்கும். துணிக்கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு கோயமுத்தூர் கண்ணாஸ்பத்திரியில் தனியாகப் போய் உட்கார்ந்திருந்தபோது, அந்தம்மா கறுப்புத் திரையில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விட்டு, தெரிந்தால் பொத்தானை அமுக்கச் சொன்னார். அவள் அமுக்கவே இல்லை. ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லையே, மிஷின் கெட்டுவிட்டதோ என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஓரத்துல இருந்து சுருங்கிட்டே வரும்மா. நடுவுல தெரியறது இன்னும் ரொம்ப வருஷம் இருக்கலாம். வீட்டுல யாருக்காவது இப்படி இருந்துச்சா?" இருந்தது. அம்மாவின் அண்ணன், ரங்கசாமி மாமா. கல்யாண வீடுகளில் அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். அங்கேயே இலை வரும், அங்கேயே தண்ணீர் வரும், எல்லோரும் மரியாதையாகத்தான் நடத்தினார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் அவர் மடியில் ஏறி உட்கார, அவர் கை அவள் தலையைத் தேடிக் கண்டுபிடித்துத் தடவிய அந்த நிமிஷமே அம்மா வந்து வெடுக்கென்று தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மாமனுக்குத் தெரியாது கண்ணு, விழுந்துருவ. மாமா கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். குழந்தையின் தலை இருந்த உயரத்தில், வெறும் காற்றில். அந்தக் கை இப்போது அவளுக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது.

இறங்க இறங்கச் சத்தம் கேட்டது, தண்ணீர்ச் சத்தம். அந்தப் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்பார்கள், மழைக்காலத்தில் ஆளை அடித்துக்கொண்டு போகும், இப்போது முழங்கால் ஆழம், நடுவில் ஒரு கசத்தில் மட்டும் ஆளுயரம் இருக்கும் என்று பூபதியே சொல்லியிருந்தான். ஆளுயரம் என்றால் அவன் உயரமா, பிள்ளை உயரமா? பிள்ளைக்கு முழங்கால் ஆழமே போதும். கொலுசுச் சத்தம் தண்ணீர்ச் சத்தத்தில் பாதி முங்கிப்போய் விட்டுவிட்டுக் கேட்டது. பையனுக்கு எதுக்கு இன்னும் கொலுசு, பொம்பளப் புள்ளையாட்டம், கழட்டிப் போடு என்று அத்தை போன தை மாசத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொதுவாக அத்தை சொன்னால் தட்டாத மருமகள் இதில் மட்டும் பிடிவாதம் பிடித்தாள். பிடித்ததோடு விடாமல், தம்பியிடம் சொல்லி, சின்னதாகிவிட்ட பழைய ஜோடிக்குப் பதில் முத்து நிறைய வைத்த புது ஜோடி வாங்கிவரச் செய்தாள். "இதென்ன வாணி, சலங்கை கட்டி ஆட உடப் போறயா?" என்று பூபதி சிரித்தான். அவளும் சிரித்தாள். கதவு நிலையில் இடித்துக்கொண்டாலும் சிரிப்பாள், பக்கத்தில் நீட்டிய காப்பி டம்ளரைத் தட்டிவிட்டாலும் சிரிப்பாள், கண்ணைப் பொடனியில வெச்சுட்டு நடக்கறா பாரு என்று அத்தை சொன்னால் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பாள். அத்தை கெட்டவளில்லை. தெரிந்தால் ஒரு சொல் கடிந்து பேச மாட்டாள், இதமாகத்தான் சொல்லுவாள், நீ உக்காரு கண்ணு, குழந்தைய நான் பாத்துக்கறேன். அதுதான். அந்த இதமான வார்த்தைதான். குளிப்பாட்ட ஒருத்தர், வாசலில் நிறுத்தி நிலா காட்ட ஒருத்தர், ஞாயிற்றுக்கிழமை தண்ணிக்குக் கூட்டிப்போக அவன் அப்பன். அவளுக்கு ஒரு நாற்காலி. அவள் வீட்டில் அவள் பிள்ளை வளருவதை அவள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். சொல்லாமல் இருந்தால் ஒருநாள் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும், சொன்னால் அன்றைக்கே பிள்ளை அவள் கையைவிட்டுப் போய்விடும். இந்த ரெண்டுக்கும் நடுவில் அவள் தினமும் செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தாள், நேற்று நின்ற இடத்தில்தான் இன்றைக்கும் நிற்கிறாள்.

தண்ணீரோரம் ஒரு நீர்மருத மரம், அதன் கீழே படிபோலக் கிடந்த பாறை. அவள் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள். ஜில்லென்றது. பூபதி பையனைத் தூக்கி இடுப்பளவு முக்கி எடுக்க, பையன் கீச்சிட்டான். அவர்களை அவள் பார்வைக்குள் வைத்துக்கொண்டாள். முன்பு அது தாம்பாளம் அகலத்துக்கு இருந்தது, இப்போது சாப்பாட்டுத் தட்டு, அந்தத் தட்டுக்குள் புருஷனையும் பிள்ளையையும் ஒன்றாகப் பிடித்துவைக்க அவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். கிட்டே வந்தால் யாராவது ஒருத்தர் வெளியே போய்விடுவார்கள். இது வேடிக்கைதான், கிட்டே வருகிறவர்கள்தான் காணாமல் போகிறார்கள். அவர்கள் கிட்டே வந்தார்கள். பூபதியின் முழங்கை, ஈரச் சட்டை, பிறகு ஒன்றுமில்லை, வலப்பக்கம் எங்கேயோ அவன் குனிகிற முனகல். ஏதோ சொன்னான், தண்ணீர்ச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. "ம்" என்று வைத்தாள். கேட்காததற்கும் பார்க்காததற்கும் சேர்த்து அவளிடம் இருக்கிற பொதுவான பதில் அது. பிறகு கொலுசுச் சத்தம் கேட்டது, சலங் சலங், மேல்பக்கமாகக் கல்மேல் கல்லாக ஏறிப் போனது, அதோடு பூபதியின் சீட்டியும் போனது. அப்பனோடு போகிறான். போகட்டும். அந்தச் சத்தம் தூரமாகத் தூரமாக, அவள் தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. அப்பன் கையில் பிள்ளை இருக்கிறது, அப்பனுக்குக் கண் இருக்கிறது, கொஞ்ச நேரத்துக்கு அவள் யாரையும் காவல்காக்க வேண்டாம்.

எத்தனை நாளாயிற்று இப்படி உட்கார்ந்து. பிள்ளையோடு வெளியே வந்தால் மற்றவர்கள் மரத்தைப் பார்க்கிறார்கள், மலையைப் பார்க்கிறார்கள், அவள் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு ஜோடி வெள்ளியைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இன்றைக்குத்தான் தண்ணீரைப் பார்த்தாள். பாறையின் பக்கவாட்டில் பாசி பிடித்திருந்த இடத்தில் ஒரு தட்டான் உட்காருவதும் எழுவதுமாக இருந்தது. நீலமா கறுப்பா என்று சொல்ல முடியாத நிறம். பொடிமீன்கள் வந்து கால்விரலைக் கொத்தின, கூச்சத்தில் தானே சிரித்தாள். தலையை மெல்ல உயர்த்தினால் மரத்தின் வெள்ளைத் தண்டு, இன்னும் உயர்த்தினால் இலை, இலைக்குள் ஒரு துண்டு வானம். எல்லாம் தட்டுத் தட்டாகப் பரிமாறப்பட்டாலும் ருசி குறையவில்லை. நடுவில் தெரிவது இன்னும் ரொம்ப வருஷம் இருக்கலாம் என்றார்களே, அந்த ரொம்ப வருஷத்தில் மகிழன் பள்ளிக்கூடம் போவான், மீசை வரும், அந்த மீசையை அவள் பார்ப்பாளா, மேலுதட்டை மட்டுமாவது. உடனே கூடவே வந்தது, டாக்டரம்மா கடைசியாகச் சொன்ன வார்த்தை, குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் அவனையும் ஒருதரம் கூட்டிட்டு வாங்க. அதை அவள் நினைப்பதில்லை. நினைக்கக் கூடாது என்று அதன் மேல் ஏதாவது ஒன்றைத் தூக்கிப் போடுவாள், இப்போது தட்டானைப் போட்டாள், தண்ணீரைப் போட்டாள், சாயங்காலமானால் வீட்டில் நடக்கும் விளையாட்டைப் போட்டாள். கூடத்தின் நட்டநடுவில் நின்றுகொண்டு ரெண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்வான் மகிழன். தன் கண்ணை மூடினால் தன்னை யாருக்கும் தெரியாது என்று அவன் எண்ணம். மூச்சுக்கூட விடாமல் நிற்பான். உடனே எல்லோரும் தேட வேண்டும், மகிழனைக் காணோமே, பீரோவுக்குள்ள இல்லையே, கட்டிலுக்கடியில இல்லையே, எம்பேரன் எங்க போயிட்டான் என்று அத்தைகூட முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்ப்பாள். கடைசியில் அம்மாதான் கண்டுபிடிக்க வேண்டும், வேறு யார் தொட்டாலும் ஒப்புக்கொள்ள மாட்டான். அந்த ஒரு விளையாட்டில் மட்டும் அவள் நடிக்க வேண்டியதில்லை. கையை நீட்டித் துழாவிக்கொண்டே போவாள், எல்லோரும் சிரிப்பார்கள், நல்லா நடிக்கறா பாரு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் தண்ணீர் இன்னும் பெரிதாகக் கேட்டது. அப்படியே இருந்தாள், எவ்வளவு நேரமென்று தெரியாது, சுகமாக இருந்தது என்பது மட்டும் தெரியும்.

சலங். மேல்பக்கத்திலிருந்து திரும்பி வருகிறார்கள். சலங் சலங், தாவிக்கொண்டு. இவ்வளவு தாவ மாட்டானே. இந்த அடி அவன் அடியில்லை, பெரிய அடி, கனமாக விழுந்து கனமாக எழுகிறது. தூக்கிக்கொண்டு வருவான்போல. கண்ணைத் திறந்து சத்தத்தின் பக்கம் திருப்பினாள். பூபதியின் முகம் வந்தது, சிரித்த முகம். முகத்திலிருந்து தோளுக்கு இறங்கினாள், தோளில் இல்லை. இடது கையில் ஒரு காட்டு நெல்லிக் கொத்து. வலது கையில் செருப்பு. காலடியில் பாறை, பாறைக்குப் பின்னால் பாறை. சலங் என்றது. மறுபடி மேலே வந்தாள். சட்டைப்பையில் இருந்து வெள்ளி நுனி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, அவன் அடியெடுத்து வைக்கும்போது அது ஆடியது, சத்தம் போட்டது. அவ்வளவு நேரமும் அதுதான் சத்தம் போட்டிருக்கிறது. "மகிழன் எங்கீங்க?" என்று கேட்டாள். அந்தக் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பூபதி நின்றான். அவள் முகத்தைப் பார்த்தான், அவள் பக்கத்தில் எதையோ பார்த்தான், அவன் சிரிப்பு இன்னும் அகலமானது. "மகிழனா? மகிழனைக் காணோமே!" என்றான் சத்தமாக. "அய்யய்யோ, மகிழன் எங்க போயிட்டான்? தண்ணிக்குள்ள போயிட்டானா?"

தண்ணிக்குள். அவள் எழுந்தது தெரியவில்லை, முழங்காலுக்குத் தண்ணீர் வந்தது தெரிந்தது. வேகமாகப் பார்க்காதே, வேகமாகத் திருப்பினால் ஒன்றும் நிற்காது, மெல்ல, ஓரத்திலிருந்து ஆரம்பி, கல், நுரை, கல், இலைச்சருகு, மஞ்சளாக ஏதோ, மஞ்சள் சட்டையா போட்டுவிட்டேன், இல்லை, பச்சை, பச்சையில் டவுசர், இந்தக் காட்டில் போயும்போயும் பச்சையா போடுவேன், கல், நுரை, அது என்ன, வேர். கசம் எந்தப் பக்கம் என்றான், மேலே என்றானா கீழே என்றானா, பாதி கேட்டேன், பாதி கேட்காமல் ம் போட்டேன், அந்த ம்முக்குள்ளேதான் பிள்ளை போயிருக்கிறது. கழட்டி வைத்துவிட்டான், தண்ணீரில் விழுந்துவிடுமென்று பத்திரமாகக் கழட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான், யாராக இருந்தாலும் அதைத்தானே செய்வார்கள், வெள்ளியில்லையா. அவனுக்குத் தெரியாதே, நான்தானே சொல்லவில்லை. பக்கத்தில் விட்டுவிட்டுப் போனான், நான் தட்டானைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சுகமாக இருந்தது எனக்கு, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். மாமாவின் கை. காற்றில். அம்மா, நீ தூக்கிக்கொண்டு போனது சரி, தூக்கிக்கொண்டு போ, யாராவது தூக்கிக்கொண்டு போங்கள், அத்தை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நான் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன், கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன், கேட்பதற்கு அவன் இருந்தால் போதும். கால் வழுக்கி ஒரு பக்கமாக விழுந்தாள், தண்ணீருக்குள் கையை விட்டு விரித்து விரித்துத் துழாவினாள், கல்லைப் பிடித்தாள், விட்டாள், "மகிழா" என்று கத்தினாள், "மகிழா, சாமீ." பின்னால் பூபதி, "வாணி, ஏய், வாணி, என்ன பண்ற, போதும் வா" என்றான். அவன் குரலில் இப்போது சிரிப்பில்லை. அதற்கும் பின்னால், அவள் உட்கார்ந்திருந்த பாறையிலிருந்து, பொறுமை போய் அழுகையில் முடிகிற ஒரு சின்னக் குரல் வந்தது. "அம்மா... இங்க."

திரும்பினாள். பாறை. பாறைமேல் அவளுடைய செருப்பு, ரெண்டு செருப்பிலும் ஈரக் கூழாங்கல் வரிசையாக அடுக்கியிருந்தது. செருப்புக்குப் பக்கத்தில் ஒரு பிஞ்சுக் கால், வெறுங்கால். கையெட்டும் தூரத்தில்தான், எழுந்தபோது அவள் துப்பட்டா அவன்மேல் பட்டிருக்கக்கூட வேண்டும். கால், பச்சை டவுசர், வயிறு, ரெண்டு கையாலும் பொத்திய முகம், விரலிடுக்கில் ஒரு கண். இவ்வளவு நேரமும் ஒளிந்துகொண்டிருந்தான், அம்மா வந்து கண்டுபிடிப்பாள் என்று. அம்மா எதிர்ப்பக்கம் போய்விட்டாள். அவள் தண்ணீரை மிதித்துக்கொண்டு வந்து அவனை அள்ளினாள். அவன் உடம்பு சூடாக இருந்தது, தலைமுடியில் துளி ஈரமில்லை. அவன் கையை அவளே முகத்திலிருந்து விலக்கி, கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகையை மறந்துவிட்டு அவன் சிரித்தான். "மறுக்கா" என்றான்.

பூபதி கிட்டே வந்து நின்றான், எங்கே நிற்கிறான் என்று கொலுசு சொன்னது. "உன்ற பக்கத்துலதானே உட்டுட்டு, பாத்துக்கன்னு சொல்லிட்டுப் போனேன்? கல்லு பொறுக்கிட்டே உக்காந்திருந்தான். நான் வாரதப் பாத்துட்டு கண்ணப் பொத்துனான், நீயும் எங்கன்னு கேட்டே, செரி ரெண்டுபேரும் வெளையாடறீங்கன்னு..." என்று தொடங்கியவன் அவள் முழங்கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்து நிறுத்தினான். "என்ன வாணி இது, இத்தன தூரத்துக்கா வெளையாடுவாங்க?" ஆமாங்க, வெளையாட்டுக்குத்தான், கல்லு வழுக்கிருச்சு என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது, கூடவே அந்தச் சிரிப்பும். அவன் நம்புவான். நம்பத்தான் விரும்புகிறான், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நெல்லிக்காயைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகலாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு இடம், வேறு தண்ணீர். அவள் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவன் திமிறி இறங்கப் பார்த்தான், மறுபடி ஒளிய வேண்டுமாம்.

"நான் வெளையாடலீங்க" என்றாள்.

அவன் நெல்லிக் கொத்தையும் செருப்பையும் பாறைமேல் வைத்தான். அவள் அவன் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல், வலது கையை மட்டும் பக்கவாட்டில் மெல்ல நீட்டி, விரல்களை ஆட்டினாள். "இது எனக்குத் தெரியலீங்க. இங்க இருக்கறது எதுவுமே தெரியறதில்ல. ரங்கசாமி மாமனுக்கு வந்தது. கொலுசக் கேட்டுத்தான் அவன் எங்கன்னு பாத்துக்கறனுங்க." நீட்டிய கையையும் அவள் கண்ணையும் அவன் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, ஏதோ சரிபார்க்கிறவன் போல, தன் கையைத் தூக்கி அவள் காதுப் பக்கமாகக் கொண்டுபோனான். எங்கே போகிறது என்று தெரியாமல் அவள் அப்படியே நின்றாள். கை திரும்பி வந்து அவள் கன்னத்தைத் தொட்டது. எத்தனை நாளா என்று அவன் கேட்கவில்லை. அவள் கேட்டாள், "கொழந்தைய எங்கிட்ட இருந்து வாங்கிருவீங்களா?"  அவன் பாறைமேல் குந்தி உட்கார்ந்து சட்டைப்பையிலிருந்து கொலுசை எடுத்தான். "அவனப் புடி. காலக் காட்டச் சொல்லு" என்றான். அவள் பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு, பாதத்தைத் தேடி எடுத்து அவனிடம் நீட்டினாள். மகிழன் அதற்குள் கண்ணைப் பொத்திக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருந்தான். பூபதி குனிந்து ரொம்ப நேரம் அந்தக் கொக்கியோடு போராடினான். அது மாட்டுவதாக இல்லை, அவனும் விடுவதாக இல்லை.